நடுங்காத நாற்பத்தேழு

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சட்டை தைக்கும் ஆலையில் செக்கிங் மேஜை முன்னால் பதினோரு வருடமாக நிற்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை என் கையில் புரளும். காலர் கோணல், பித்தான் இழுவை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் கணவர் புலம்புவார். "என்னை மட்டும் எப்படி இவ்வளவு நாளா திருப்பி அனுப்பாம வச்சிருக்க?" என்பார். அம்பு தீர்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு ஆளிடம் இருந்த ஓட்டையைக் கடைசிவரை பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் துணி வெட்டும் மேஜையில் ஆண்கள்தான் நிற்பார்கள் என்றிருந்தது. அந்த வழக்கத்தை உடைத்தவள் கத்தரியக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். விளையாட்டுக்காரர்கள் பட்டப்பெயரையும் சுருக்கி 'கத்தரிக்கா' என்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும், நானும் முத்தித்தான் இந்த மேஜைக்கு வந்தேன்" என்பாள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நீளமான மேஜையில் துணியைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது தட்டு விரிப்பார்கள். இந்த அடுக்குக்கு 'லே' என்று பெயர். மேலே சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாம் கோடு போட்ட தாள் ஒன்று. அந்தக் கோட்டின் மேல் மின்சாரக் கத்தியை, நாங்கள் மெஷின் என்போம், நிமிர்த்திப் பிடித்து ஓட்ட வேண்டும். இடது கையில் இரும்புவலை உறை. கத்தி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மேல் தட்டு சரியாக இருக்கும், அடித்தட்டு கோணிப்போகும். மேலே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கத்தரியக்கா வெட்டினால் மேல் தட்டும் அடித்தட்டும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். என்னுடைய பதினோரு வருடத்தில் அவள் வெட்டிய துண்டில் ஒரு அம்பு நான் ஒட்டியதில்லை.

அவளுக்குத் துணி விரித்துக் கொடுத்தவளைத்தான் அவள் 'சம்பந்தி' என்று கூப்பிடுவாள். அவளும் இவளைச் 'சம்பந்தி' என்பாள். உண்மையில் ஒரு உறவும் இல்லை. இவளுக்கு ஒரு பெண், அவளுக்கு ஒரு பையன். இரண்டும் கைக்குழந்தையாக இருந்தபோது விளையாட்டாகப் போட்ட சம்பந்தம். பிள்ளைகள் வளர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை என்றாலும், அம்மாக்கள் இருவரும் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சீர்வரிசைச் சண்டை போட்டுக்கொண்டே துணி விரித்தார்கள். "உன் பையனுக்கு மூக்கு சரியில்லை, கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பாள் இவள். "உன் பொண்ணு வாயைக் குறைச்சா நான் மூக்கைக் குறைக்கறேன்" என்பாள் அவள். அதைக் கேட்கவே தேநீர் வேளையில் நாங்கள் அவர்கள் பெஞ்சில் போய் உட்காருவோம்.

போன வருடம் அக்காவின் பேச்சு திடீரென்று வேகமெடுத்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று வாக்கியம் வந்தது. தூக்கம் வரவில்லை என்றாள். இரண்டு நாள் கழித்து, தூக்கம் எதற்கு என்றாள். நாங்கள் சிரித்தோம். ஒன்பதாவது நாள் காலை, பெரியவர்கள் சட்டைக்காக விரித்து வைத்திருந்த எண்பது தட்டு லேயின் மேலிருந்து தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, கோடே இல்லாமல் கைக்குழந்தைச் சட்டைகளாக வெட்டித் தள்ளினாள். "உலகத்துல எத்தனை குழந்தைங்க சட்டை இல்லாம இருக்கு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள். சம்பந்திதான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். பிறகு யாரோ அந்தக் குட்டித் துண்டுகளை அளந்து பார்த்தார்கள். மேல் தட்டும் எண்பதாவது தட்டும் ஒரு நூல் பிசகில்லை. அவற்றை மெஷின் துடைக்கப் போட்டார்கள்.

மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்தாள். மனம் ஒரேயடியாக ஏறி, பிறகு ஒரேயடியாக இறங்கும் நோய் என்று மருத்துவர் சொன்னாராம். மாத்திரை விடாமல் போட்டால் வேலை செய்யலாம், குடும்பம் நடத்தலாம், எல்லோரையும் போல இருக்கலாம் என்றும் சொன்னாராம். நான் ஒரே ஒரு தடவை போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சம்பந்தி ஒரு ஞாயிறு விடாமல் போனாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், தோல் உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கையில் கொடுப்பாளாம். "சீக்கிரம் எழுந்து வா சம்பந்தி. உன் மெஷின் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் நான் சும்மா துடைச்சு வச்சிருக்கேன்" என்பாளாம். கட்டிலை விட்டு எழுந்து பல் தேய்க்கவே அந்த வார்த்தைதான் காரணம் என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள். பிள்ளை, கணவன் எல்லோரும் சொன்னது காதில் ஏறவில்லையாம். மெஷின் காத்திருக்கிறது என்றது ஏறியதாம்.

வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு, வேலை செய்யலாம் என்ற மருத்துவர் கடிதத்தோடு திரும்பி வந்தாள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். எழுந்து நின்றபோதே எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர் யாருக்கும் எழுந்து நிற்பவர் இல்லை.

"மூணு மாசம் நம்பர் எழுதுங்கம்மா. ஒரு தப்பும் வரலைன்னா மெஷின் உங்களுக்குத்தான். இது என் வாக்கு" என்றார்.

நம்பர் எழுதுவது என்றால், வெட்டிய ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும், தையலுக்குள் போகும் இடத்தில், துணிப் பென்சிலால் எண் போடுவது. மேல் தட்டு ஒன்று, அடித்தட்டு அறுபது. நாற்பத்தேழாம் முன்பக்கத்தோடு நாற்பத்தேழாம் கைதான் சேர வேண்டும். அப்போதுதான் ஒரே தட்டுத் துணி ஒரே சட்டையாகும். ஒரே நீலம் என்று நாம் நினைக்கும் துணி ரோலுக்கு ரோல் கொஞ்சம் மாறும். கற்றுக்குட்டிகள் செய்யும் வேலை அது. பதினான்கு வருடம் கத்தி ஓட்டியவள் பென்சிலோடு உட்கார்ந்தாள். மூன்று மாதம்தானே.

எங்கள் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அவள் வந்த அன்று தையல் வரிசையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரிகள் எல்லாம் தாமாக இழுப்பறைக்குள் போயின. தேநீர் வேளையில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. எல்லோரும் அவளிடம் சத்தமாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினோம். அவளுக்குக் காது கேட்காமல் போனது போல. "எனக்கு மூளைதான்டி கொஞ்சம் ஓடிப்போச்சு, காது இங்கதான் இருக்கு" என்றாள் ஒரு நாள். சிரித்தவள் சம்பந்தி மட்டும்தான். அவள் மட்டும்தான் பழையபடி மூக்கையும் வாயையும் பற்றிச் சண்டை போட்டாள். சம்பந்திதான் இப்போது மெஷினில் நின்றாள். "உன் சீட்டைச் சூடு ஆறாம வச்சிருக்கேன்" என்பாள்.

அக்காவுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மாத்திரையால் கை நடுங்கியது. பெரிய நடுக்கம் இல்லை, தேநீர் தளும்பும் அளவுதான். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு எழுதுவாள். ஆனாலும் நான்கின் குச்சியும் ஏழின் குச்சியும் புழு நெளிந்தாற்போல வரும். தையலுக்குள் மறையும் எண்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்? தைக்கிறவர்களுக்கு எண் புரிந்தால் போதும். நடுக்கத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம், சம்பந்தியிடம். "யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மெஷினைத் தர மாட்டாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். "என் வாயிலேருந்து ஈ கூடப் பறக்காது" என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அது மட்டும் உண்மை. அவள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது வாரம் வியாழக்கிழமை. அடுத்த திங்களோடு மூன்று மாதம் முடிகிறது. என் மேஜைக்கு வந்த நீலச் சட்டை ஒன்றை உதறிப் பார்த்தேன். இடது கை வெளுத்திருந்தது. குழல்விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. என் மேஜை சன்னலை ஒட்டியது, வெயிலில் காட்டினால் பளிச்சென்று தெரியும். வெட்டும் பகுதியில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு: சன்னல் பார்க்காத துணிக்கு மேஜை கிடையாது. அவசரத்தில் அதை மறப்பவர்களும் உண்டு. அடுத்த சட்டையைப் பார்த்தேன், அதுவும் அப்படி. மொத்தம் இருபது. எல்லாம் இடது கை.

அம்பை ஒட்டும்போதே எனக்குத் தெரியும், கை மாறியிருந்தால் பழி நம்பர் எழுதியவள் தலையில்தான் விழும். ஐயோ பாவம், மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்.

மேலாளர் வெட்டும் பகுதிக்கு வந்து இருபது சட்டையையும் மேஜையில் பரப்பினார். குரலில் தேன் ஒழுகியது. "பரவாயில்லம்மா. உங்க தப்பு ஒண்ணும் இல்ல. நாங்கதான் அவசரப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டுட்டோம். உடம்பு முக்கியம்."

அக்கா ஒரு சட்டையைக் கையில் எடுத்தாள். உள்பக்கம் புரட்டி, இடது கை சேரும் தையலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சம்பந்தியைப் பார்த்தாள்.

சம்பந்தி அவளைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்த்துப் பேசினாள். "அவளைத் திட்டாதீங்க சார். மாத்திரை போட்டா மத்தியானத்துல கொஞ்சம் கண்ணு சொக்கும். நான்தான் கூட இருந்து பாத்திருக்கணும். என் தப்பு."

கேட்ட எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. என்ன மனசு, என்ன சிநேகம் என்று பேசிக்கொண்டோம். என் வாயால் நானே சொன்னேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவத் தோன்றுகிறது.

அக்கா சட்டையை மடித்து வைத்தாள். திங்கட்கிழமை வந்து பேசலாம் என்று மேலாளர் வீட்டுக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குள் ஏதோ உறுத்தியது. தொழில்புத்தி. இருபது கை இந்த லேயில் தவறி வந்திருந்தால், இந்த லேயின் இருபது கை வேறெங்கோ தவறிப் போயிருக்க வேண்டும் அல்லவா? இன்னும் இருபது சட்டையில் கை மாறியிருக்க வேண்டும். அந்த வாரச் சட்டைகள் முழுவதையும் அலசினேன். எங்கேயும் இல்லை. அப்புறம்தான் அந்த இருபதையும் உள்பக்கம் புரட்டினேன்.

முன்பக்கத்தில் நாற்பத்தேழு. நான்கும் ஏழும் நெளிந்து, பென்சில் தாண்டித் தாண்டிப் போயிருந்தது. வலது கையில் நாற்பத்தேழு. அதே நெளிவு. இடது கையில் நாற்பத்தேழு. அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக, கணீரென்று இருந்தது. நாற்பத்தொன்றிலிருந்து அறுபதுவரை, இருபதிலும் அப்படி.

கத்தி சாய்ந்திருக்கிறது. கீழே இருந்த இருபது தட்டிலும் இடது கை கோணிப்போயிருக்கிறது. வெட்டியவர்கள் அடித்தட்டை மாதிரித் தாளோடு ஒத்துப் பார்ப்பது உண்டு. சம்பந்தி பார்த்திருக்கிறாள். ஆனால் அக்கா எண் எழுதி முடித்த பிறகு பார்த்திருக்கிறாள். கெட்டுப்போனால் சேதச் சீட்டு எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, அதே ரோலில் மறுபடி வெட்ட வேண்டும். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு சீட்டு. மூன்றாவது விழுந்தால் மெஷினை விட்டு இறங்க வேண்டும். அந்த ரோல் தீர்ந்துபோயிருக்கும். அலமாரியிலிருந்து வேறு ஒரு நீலத்தை எடுத்து, குழல்விளக்கில் பார்த்து, சன்னலுக்குப் போகாமல் இருபது கை வெட்டி, தானே எண்ணும் எழுதி அடுக்கிவிட்டாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத் துணிப் பென்சிலால் செய்யலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. அவள் கணவர் கதவைத் திறந்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி இறங்கிப் போனார். நல்ல மனிதர், எப்போது இருக்கக் கூடாது என்று தெரிந்தவர். சுவரோரம் பழைய செய்தித்தாள்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் சட்டைக் கை வடிவத்தில் வெட்டியிருந்தன. பக்கத்தில் தையற்காரர்களின் பெரிய கத்தரி.

"இதை எதுக்குக்கா வெட்டி வச்சிருக்கீங்க?"

"கை பழகணுமே. திங்கக்கிழமை மெஷின் வரும்னு நினைச்சேன்."

நான் சட்டையைப் புரட்டிக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. "தெரியும்" என்றாள். "அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு வந்தீங்க? பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? உங்களுக்கு ரோஷமே இல்லையாக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவள் தண்ணீர்த் தம்ளரை எடுத்து என் முன்னால் நீட்டினாள். தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டே இருந்தது. "அந்த எண் என்னோடது இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? என் எண் நடுங்கும்னுதானே சொல்லணும்? சொன்னா கையக் காட்டச் சொல்லுவாங்க. காட்டினா மெஷின் போச்சு. இது அவளுக்குத் தெரியும். நான் வாயத் திறக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கா."

தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"வேடிக்கை என்ன தெரியுமா? கத்தி பிடிச்சா நடுங்காது. பென்சில்தான் நடுங்கும். கத்திக்கு ஒரு கனம் இருக்கு, அது கையப் பிடிச்சுக்கும். வேணும்னா பாரு." பெரிய கத்தரியை எடுத்து எட்டுத் தாளைச் சேர்த்துப் பிடித்து, கைவளைவை ஒரே ஓட்டத்தில் வெட்டினாள். நான் சிவப்பு அம்பு ஒட்டுகிறவள், என் கண்ணை நம்பலாம். ஒரு பிசிறு இல்லை.

"அப்போ பேசாம இருந்துடறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் வெட்டிய தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினாள். "நேத்து முழுக்க நான்தான் எழுதினேனோன்னு யோசிச்சேன். சட்டையைக் கண்ணால பாத்தும் யோசிச்சேன். என் தலையை நான் நம்பறது அவ்வளவுதான் இப்போ. அந்த எண்பது தட்டு நான் வெட்டினது, ஒத்துக்கிட்டேன். இந்த இருபது கையையும் ஒத்துக்கிட்டா, அப்புறம் எது நான் பண்ணது, எது பண்ணாததுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மெஷின் போனா போகட்டும். அது போகக் கூடாது."

திங்கட்கிழமை காலை எல்லோரும் இருக்கும்போது வெட்டும் மேஜை முன்னால் போய் நின்றாள். மேலாளரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நான் இருபது சட்டையையும் உள்பக்கம் புரட்டி மேஜையில் வரிசையாக வைத்தேன். அவள் ஒரு துண்டுத் துணியை விரித்து, முழங்கையை ஊன்றாமல், பென்சிலைப் பிடித்தாள்.

நாற்பத்தொன்றிலிருந்து அறுபதுவரை எழுதினாள். நேரமாயிற்று. ஊன்றாத கை இன்னும் அதிகமாக ஆடியது. தையல் வரிசை நின்றுவிட்டது. நாற்பத்தேழு வந்தபோது ஏழின் குச்சி எங்கேயோ போய் முடிந்தது. யாரோ ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். அந்தச் 'ச்சு'வை அவள் வாயிலேயே திருப்பித் திணிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"இதுதான் சார் என் கை. மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து இப்படித்தான். இந்தச் சட்டைங்க இடது கையில இருக்கற எண் யாரு எழுதினதுன்னு பாருங்க" என்றாள். பிறகு பென்சிலைச் சம்பந்தி பக்கம் நகர்த்தினாள். "நீயும் ஒரு நாற்பத்தேழு எழுது."

சம்பந்தி பென்சிலைத் தொடவில்லை. "பயந்துட்டேன் சார்" என்றாள். "மூணாவது சீட்டு சார்."

கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. இனி நியாயம் நடக்கும் என்று நான் நிமிர்ந்து நின்றேன். நான் ஒரு முட்டாள்.

அக்கா எழுதிய துணியை மேலாளர் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாரம் இறங்கியவர் போல இருந்தார். "சரிம்மா. உங்க மேல தப்பு இல்லன்னு தெளிவாயிடுச்சு. நம்பர்லயே இருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா மெஷின்... இந்தக் கையை வச்சுக்கிட்டு நீங்களே கேக்க மாட்டீங்க."

"கத்தி பிடிச்சா நடுங்காது சார். ஒரே ஒரு லே வெட்டிக் காட்டறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்மா."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க சார்."

"குடுத்தேன். அப்போ கை இப்படின்னு எனக்குத் தெரியாதே."

"அப்போ மூணாவது சீட்டு?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"இந்த ஆர்டர் முடியட்டும், பாக்கலாம். இப்போ வெட்ட வேற ஆள் யாரு இருக்கா?" என்று கைகழுவிவிட்டுப் போனார். அந்த ஆர்டர் முடிந்தது. அடுத்தது வந்தது. சம்பந்தி மெஷினில்தான் நிற்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் செக்கிங் மேஜைக்கு ஒரு புது உத்தரவு வந்தது. சட்டைக் கட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு சட்டையைப் புரட்டி எண்ணைப் பார்க்க வேண்டும். நடுங்கியிருந்தால் விடலாம். நேராக இருந்தால் நிறுத்த வேண்டும்.

பத்து நாள் கழித்துத் தேநீர் வேளையில் சம்பந்தி எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். அதுவரை தள்ளியே உட்கார்ந்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு எத்தனை நாள் தனியாகத் தேநீர் குடிக்கும்? நான் எழுந்து போகவில்லை. போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன்.

"என்னை மன்னிச்சிடு சம்பந்தி" என்றாள். "உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்கன்னு நினைச்சேன். திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். மெஷின் எப்படியும் உனக்கு இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சார் சொல்லிட்டாரு. அதனால உனக்கு இதுல போறதுக்கு ஒண்ணுமில்லன்னு..."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "எப்போ சொன்னாரு?"

சம்பந்தி விழித்தாள். வாய் தவறி வந்துவிட்டதென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எப்போ சொன்னாருன்னு கேட்டேன்."

"நீ... ஆஸ்பத்திரியில இருக்கறப்போ. ரெண்டாவது வாரம். இனிமே அவங்க கையில கத்தியத் தர முடியாது, நீயே நின்னுக்கோன்னாரு. வேலைக்கு வந்தா நம்பர்ல உக்கார வச்சுக்கலாம், மூணு மாசம்னு சொல்லி வைப்போம்னாரு."

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டாவது வாரம். அப்போ அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை வந்திருக்க."

"உன்னை எழுப்பறதுக்குத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீ கண்ணத் திறந்து பார்த்த. சத்தியமா நல்லதுக்குத்தான் சொன்னேன் சம்பந்தி."

அது பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இன்னும் எரிகிறது. அந்த நாலு ஞாயிறும் நார் எடுத்த சுளைகளும் உண்மையாகவே அன்பு. அந்த அன்பு, தனக்கு ஒரு சீட்டு விழும்வரை தாங்கியது. அவ்வளவு நீளம்தான் துணி.

அக்கா அழவில்லை. குரலும் உயரவில்லை. "நார் கூட எடுத்துக் குடுத்த" என்றாள்.

வேலை மணி அடித்தது. எழுந்தவள் நின்று திரும்பினாள். "இனிமே என்னைச் சம்பந்தின்னு கூப்பிடாத. நீ வெட்டறவ. நான் நம்பர்காரி. துணி வந்தா நம்பர் போடறேன். அது போதும்."

மேஜையில் அன்றைக்கு வெட்டிய கட்டு காத்திருந்தது. சம்பந்தி வெட்டியது. அக்கா முதல் துண்டை இழுத்து வைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, ஓரத்தில் ஒன்று என்று எழுதினாள். அன்று அவள் கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கியது. அந்தச் சட்டைகள் எல்லாம் என் மேஜையில் தடையில்லாமல் தேறின.